மணிக்கூண்டுத் தியேட்டரின் பக்கவாசல்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உதவி, சிபாரிசு எதுவும் கேட்டு எழுதவில்லை. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். உன்னோடு படித்த நர்ஸ் ஒருத்தியைப் பிடித்து உன் விலாசத்தை வாங்கினேன். போன் நம்பர் மட்டும் தர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நீ சொல்லி வைத்திருப்பாய்.

நம் ஊர் நகராட்சிக்கு இந்த வருஷம் நூறு வயது. நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். அச்சு வேலை என் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. "தியேட்டர் மேனேஜர் பிள்ளைதானே நீங்க? ஊர்ல இருந்த பழைய தியேட்டர்களைப் பத்தி ஒரு கட்டுரை, அதையும் நீங்களே எழுதிடுங்க" என்று கமிஷனர் என் தலையில் கட்டிவிட்டார்.

முதலில் அலுத்துக்கொண்டேன். இப்போது அச்சகத்தை மறந்து இதே வேலையாகத் திரிகிறேன். சந்தை மூலையில் இருந்த தகரக் கொட்டகை உனக்கு ஞாபகமிருக்குமா? மழை பிடித்தால் படத்தில் ஒரு வார்த்தை காதில் விழாது. பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடம் என்பதால் அவர்களே பேசி முடித்துவிடுவார்களாம். இப்போது அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். ரயிலடித் தியேட்டரில் கூட்ஸ் வண்டி போனால் திரை நடுங்கும். கதாநாயகி பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்துக் கண்ணீர் விட்டதாக ஓர் அம்மாள் சொன்னாள். அது சிமென்ட் கிடங்காகிவிட்டது. மாடிப்படி நெடுக நிலைக்கண்ணாடி வைத்த கண்ணாடித் தியேட்டர் துணிக்கடையாகிவிட்டது. தலை வாருவதற்கென்றே டிக்கெட் எடுத்தவர்கள் இப்போது வழுக்கைத் தலையோடு பேரனுக்குச் சட்டை வாங்கப் போகிறார்கள். குளத்தைத் தூர்த்துக் கட்டிய தியேட்டர் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் இடிக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் மறுபடி தண்ணீர் நிற்கிறது.

மிச்சம் இருப்பது மணிக்கூண்டுத் தியேட்டர். அப்பா மேனேஜராக இருந்தது. அம்மா டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைத்தது. அந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு சிக்கல்.

அந்தத் தியேட்டரின் கூரை விழுந்த அன்று உள்ளே படம் பார்த்தவர்களில் நம் மருந்துக்கடைக்காரர் ஒருவர். அவர் சொன்னார்: "உங்க அம்மா மட்டும் அன்னைக்கு எழுப்பி வெளில அனுப்பலேன்னா, நான் இன்னைக்கு உட்கார்ந்து மாத்திரை எண்ணிக்கிட்டு இருக்க மாட்டேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ குழப்பம் என்று விட்டுவிட்டேன். பிறகு தையற்காரம்மாவும் அதையே சொன்னாள்.

அக்கா, அம்மா போனது கூரை விழுவதற்கு முன்புதானே? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்பாவைக் கேட்கத் துணிச்சல் இல்லை. நீ ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் பிரிக்காமல் மேஜை மேல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அம்மா செத்தது மழைக்காலத்தில். நம் வீட்டின் பின்னறையில், ஜன்னல் ஓரக் கட்டிலில், என் கையில். கூரை விழுந்தது அதற்கடுத்த கோடையில். நான் அப்போது இங்கே வேலையில் சேர்ந்தாயிற்று. பேப்பரில் படித்தேன். இதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நீ இருப்பதே எனக்குக் கேவலமாக இருக்கிறது.

உன் மருந்துக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மனிதர்களின் ஞாபகம் ஒரு சோம்பேறி குமாஸ்தா. ஒரு ஃபைலில் இருப்பதை எடுத்து இன்னொன்றில் சொருகிவிடும். பல வருஷம் அந்தத் தியேட்டரில் அம்மாவின் டார்ச்சைப் பார்த்தவர்கள், அன்றைக்கும் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். என் வார்டில் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிபவர்கள் செத்துப்போன மாமா வந்து விசாரித்துவிட்டுப் போனதாகச் சத்தியம் செய்வார்கள். நான் தலையணையைச் சரி செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

மலரில் இதைச் சேர்க்காதே. திரை நடுங்கியது, கண்ணாடியில் தலை வாரினார்கள் என்று எழுது. அம்மாவை விட்டுவிடு.

போன் வேண்டாம். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன். எழுதும்போது கத்த முடியாது, அதனால் எழுது.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

நீ சொன்னதுதான் சரி என்று முடிவு செய்து, அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அன்றைக்குப் படம் பார்த்தவர்களில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் போனேன். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லவில்லை. 'அன்னைக்கு என்ன நடந்துச்சு?' என்று மட்டும் கேட்டேன். அம்மாவின் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்.

மத்தியானக் காட்சி. பாதிப் படத்தில் மின்சாரம் போனது. விசில் அடித்தார்கள், கத்தினார்கள். அப்போது ஒவ்வொருவர் காலடியிலும் டார்ச் வெளிச்சம் விழுந்தது. முகத்தில் அடிக்காமல் காலடியில்தான் அம்மா அடிப்பாள், உனக்குத் தெரியும். "எழுந்திரிங்க. பக்கவாசல் வழியா வாங்க" என்று குரல். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஓய்வுபெற்ற டிராஃபிக் போலீஸ்காரர் சொன்னதைக் கேள்: "ஊருக்கே கை காட்டி நிறுத்தினவன் தம்பி நான். எனக்கு ஒருத்தர் உத்தரவு போட்டா பிடிக்காது. அன்னைக்கு ஆட்டுக்குட்டி மாதிரி எந்திரிச்சுப் போனேன். டார்ச்சக்கா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு தோணுச்சு."

"அவங்க அப்போ உயிரோட இல்லையே, சார்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அதை நான் வெளில வந்தப்புறம்தான் நெனைச்சேன்" என்றார். "நெனைச்சதும் யார்கிட்டயும் சொல்லல. நீ கேட்டதால சொல்றேன்."

அக்கா, மற்றவர்களும் அப்படித்தான். இத்தனை வருஷம் ஒரே ஊரில், ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் இதைப் பேசியதில்லை. தையற்காரம்மா வீட்டுக்காரரும் அன்று அந்தக் காட்சியில் இருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். என் முன்னால்தான் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்து, "உனக்குமா?" என்று கேட்டுக்கொண்டார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

எல்லாரும் வெளியே வந்து வெயிலில் நின்றபோது உள்ளே கூரை மொத்தமாக விழுந்தது. ஒரு கீறல்கூட யாருக்கும் இல்லை.

கடைசியில் அப்பாவைக் கேட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அவ லீவே போட்டதில்லையே" என்றார்.

இன்னொன்று. முதலாளியின் பேரன் தியேட்டரைப் புதுப்பித்துவிட்டான். புதுக் கூரை, புது நாற்காலி. நூற்றாண்டு விழாவை அங்கேதான் ஏப்ரல் மாதம் வைத்திருக்கிறார்கள். மத்தியானக் காட்சி. அன்று கூரைக்குத் தப்பியவர்கள்தான் சிறப்பு விருந்தினர்களாம். அந்த யோசனை என்னுடையது இல்லை.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

லீவே போட்டதில்லை என்றாரா? போட விட்டாரா என்று திருப்பிக் கேட்டாயா?

அந்தக் கடைசி வருஷம் அம்மாவுக்கு நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். புகையும் தூசியுமாக அடைந்து கிடக்கும் அந்தக் கூடத்தில் காட்சிக்குக் காட்சி நின்றாள். நான் நர்ஸ் படிப்பு முடித்த புதிது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் என்றேன். "இந்தப் படம் ஓடி முடியட்டும், ஹவுஸ்ஃபுல்லா போயிட்டிருக்கு, அவ இடத்துல நிக்க வேற ஆள் இல்ல" என்றார் உன் அப்பா. நீ வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். படம் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா ஓயவில்லை, விழுந்தாள்.

இப்போது நீங்கள் எல்லாரும் சேர்ந்து, செத்த பிறகும் அவளுக்கு அதே சாம்பல் நிற வேலைக் கோட்டை மாட்டி, அதே டார்ச்சைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டீர்கள். ஊரைக் காப்பாற்றினாளாம். அவளை யார் காப்பாற்றினார்கள்? போனவளையாவது ஓய்வாக இருக்க விடக் கூடாதா?

இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்திருக்க வேண்டும். மடித்துவிட்டு மறுபடி பிரித்தேன்.

இரண்டு கேள்வி கேட்டுச் சொல். ஒன்று: அம்மா இருமினாளா? கடைசி வருஷம் இருமல் இல்லாமல் அவளால் ஒரு வாக்கியம் பேச முடியாது. ஞாபகம் இடம் மாறி வந்திருந்தால் இருமலும் கூடவே வந்திருக்கும். இரண்டு: எல்லாரையும் கூப்பிட்டாள் என்கிறாயே, அன்று உன் அப்பாவும் உள்ளே ஆபீஸ் அறையில் இருந்திருப்பாரே. அவரைக் கூப்பிட்டாளா?

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

நீ கேட்ட இரண்டுக்கும் மட்டும் எழுதுகிறேன்.

தையற்காரம்மா யோசித்துச் சொன்னாள்: "இருமலா? இல்லியே. அன்னைக்குத்தான் அவங்க குரல் ரொம்ப நல்லா இருந்துச்சு. கல்யாணம் ஆகி வந்த புதுசுல பேசுவாங்களே, அது மாதிரி." மற்றவர்களும் இருமல் இல்லை என்றார்கள்.

இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பல நாள் தயங்கினேன். அப்பா தினமும் மத்தியானம் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். மத்தியானக் காட்சி விடும் நேரத்துக்கு எழுந்துபோய்ச் சட்டையைக் கழற்றி மாட்டுவார். பழைய உத்தியோகப் பழக்கம் என்று நானும் என் வீட்டுக்காரியும் சிரித்துக்கொள்வோம். நேற்று அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "அப்பா, கூரை விழுந்த அன்னைக்கு அம்மா உங்களைக் கூப்பிட்டாங்களா?"

தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரையும் கூப்பிட்டா. ஆபீஸ் ரூம் கதவு தொறந்துதான் இருந்துச்சு. வெளிச்சம் வாசல் வரைக்கும் வந்துச்சு, அப்படியே திரும்பிடுச்சு. வெளில ஜனங்க போட்ட சத்தத்தைக் கேட்டு நானாத்தான் வந்தேன்." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மறந்திருப்பா. வேலை மும்முரத்துல மறந்திருப்பா. ஞாபகம் வந்தா வருவா."

இதற்காகத்தான் தினமும் சட்டை மாற்றுகிறார், அக்கா.

இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. மலருக்குப் படம் எடுக்க போன வாரம் பட்டப்பகலில் தியேட்டருக்குள் போயிருந்தேன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். புதுப் பெயின்ட் வாசனை. கதவைத் திறந்து வைத்திருந்தேன், அது சாத்திக்கொண்டது. சுவிட்ச் எங்கே என்று தடவிக்கொண்டு நின்றபோது என் செருப்புக்கு முன்னால், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, வட்டமாக வெளிச்சம் விழுந்தது. மஞ்சள் வெளிச்சம். அது எங்கிருந்து வருகிறது என்று நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. வெளிச்சம் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். பக்கவாசலில் கொண்டுபோய் விட்டது. வெயிலில் நின்று எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியாது. எதுவும் விழவில்லை.

எதுவும் விழவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. இனிமேல் விழப்போவதற்கா என்னை வெளியே அனுப்பினாள்?

விழா ஏப்ரல் இருபதாம் தேதி. அப்பா வந்தே தீருவேன் என்கிறார். நீ வா, அக்கா. நான் கூப்பிட்டால் வர மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் வா.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

முதலில் ஓர் இன்ஜினியரைக் கூட்டிப்போய்ப் புதுக் கூரையைப் பார்க்கச் சொல். பேய்க்குப் பயந்து சொல்லவில்லை. ஒரே இடத்தில் வலிக்கிறது என்று நாலு பேர் சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் என் தொழில். கூரையில் கோளாறு இருந்தால் விழாவை மைதானத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

கோளாறு இல்லை என்றாலும் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் வீட்டில் தங்க மாட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் இருக்கும், அதில் ஓர் அறை சொல்லி வை. உன் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த வயதில், அந்த மனநிலையில், இருட்டில் உட்காரும் ஒருவர் பக்கத்தில் நாடி பிடிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்க வேண்டும். அவரோடு பேச மாட்டேன். அதையும் சொல்லிவிடு.

வெளிச்சம் ஆபீஸ் அறை வாசல் வரை வந்து திரும்பியது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

விழா முடிந்த மறுநாள் விடிந்ததும் லாட்ஜுக்கு வந்தேன். முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாய் என்றார்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு முன்னால் வெளியே நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு அது தெரியாது.

இன்ஜினியர் முதல் நாளே பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார். உனக்கே காட்டினேன். பேச்சாளர்கள் பேசி, பொன்னாடை போர்த்தி, படம் ஆரம்பித்தது. நான் முன்வரிசையில். நீயும் அப்பாவும் நடுவில், வழியை ஒட்டிய இருக்கைகளில். திரும்பித் திரும்பி உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ நேராகத் திரையைப் பார்த்தாய். அப்பா தரையைப் பார்த்தார்.

பாதியில் மின்சாரம் போனது. அவசர விளக்குகளும் எரியவில்லை. இந்த முறை யாரும் விசில் அடிக்கவில்லை. அன்றைக்கு இருந்தவர்கள் ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை என்று நினைக்கிறேன். என் காலடியில் வெளிச்சம் விழுந்தது. அக்கா, நான் உங்களைக் கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். உடம்பு தானாக எழுந்து நடந்துவிட்டது. எல்லாருக்கும் அப்படித்தானாம். முதலாளியின் பேரன், கமிஷனர், மேலே படம் ஓட்டும் அறையில் இருந்த ஆள், எல்லாரும் வெயிலில் வந்து நின்ற பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிராஃபிக் போலீஸ்காரர் என்னிடம் வந்து, "உன் அப்பா எங்க?" என்றார்.

பக்கவாசலுக்கு ஓடினேன். நாங்கள் வந்தபோது திறந்திருந்த கதவு மூடியிருந்தது. நானும் அவரும் தோளைக் கொடுத்து இடித்தோம். அசையவில்லை. காதை வைத்துக் கேட்டேன். கூரையில் ஏதோ முனகுகிற மாதிரி சத்தம். அதற்கு நடுவே உன் குரல். சண்டை போடுகிற குரல். யாரோடு என்று கேட்கப் பயமாக இருந்தது.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில், தாழே போடாத மாதிரி, கதவு திறந்துகொண்டது. நீ அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். உன் தலைமுடியெல்லாம் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்புத் தூள் என்று கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. என்னிடம் "தண்ணி கொண்டா" என்றாய். அதற்குமேல் நீ என்னிடம் எதுவும் பேசவில்லை.

கூரை விழவில்லை. நேற்று இன்ஜினியர் மறுபடி மேலே ஏறினார். இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நடு வரிசைக்கு மேலே கூரையைத் தாங்கும் கம்பிகள் எல்லாம் கொக்கியிலிருந்து கழன்று தொங்குகின்றனவாம். "அப்ப எது சார் பிடிச்சுக்கிட்டிருக்கு?" என்று கேட்டேன். "அதைத்தான் நானும் பார்த்துட்டு வர்றேன்" என்றார். தியேட்டரைப் பூட்டிவிட்டார்கள்.

அப்பா மாறிவிட்டார். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "அவ என்னைக் கூப்பிட்டா. என் பொண்ணு பக்கத்துலதான் இருந்தா, அவளே கேட்டா" என்கிறார். என் வீட்டுக்காரி அழுதுவிட்டாள். எனக்கும் நிம்மதிதான். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது நீ கதவுக்கு உள்ளே போட்ட சத்தம் என் காதில் கேட்கிறது.

என்ன நடந்தது?

தம்பி


மே 6

தம்பிக்கு,

உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடு, உன் வீட்டுக்காரிக்கும் தெரிய வேண்டாம்.

விளக்குகள் போனதும் நான் செய்த முதல் காரியம் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தது. நாடி சீராக இருந்தது. என்னைவிடச் சீராக இருந்தது. வரிசை வரிசையாக வெளிச்சம் விழுவதும், ஆட்கள் எழுந்து போவதும் தெரிந்தது. செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கடைசி ஆள் போனதும் பக்கவாசல் சாத்திக்கொண்டது. பிறகு அது எங்கள் பக்கம் வந்தது.

என் காலடியில் விழுந்தது. "எழுந்திரு. பக்கவாசல் வழியா போ" என்று அம்மா சொன்னாள். தையற்காரம்மா சொன்னது சரிதான். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கேட்ட குரல். நீங்கள் எல்லாரும் எழுந்து போன மாதிரி நானும் பாதி எழுந்துவிட்டேன். அப்பாவின் கையை விட்டிருந்தால் போயும் இருப்பேன்.

அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் தன்மேல் விழட்டும் என்று செருப்புக் காலை முன்னால் நீட்டினார். வெளிச்சம் பின்வாங்கியது. சேற்றை மிதிக்காமல் ஒதுங்குவோமே, அப்படி ஒதுங்கியது. அவர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். அது இன்னும் ஒதுங்கியது. அந்தக் கிழவர் காலை நீட்டிக்கொண்டே இருந்தார், தம்பி. அதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

அப்போது மேலே முனகல் ஆரம்பித்தது. வெளிச்சத்தில் தூள் கொட்டுவது தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பழைய கூரை விழுந்த அன்றைக்கும் அவள் ஊரைக் காப்பாற்றத்தான் வந்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். கூரை அவர்மேல் மட்டும் விழட்டும் என்று மற்றவர்களை அப்புறப்படுத்தினாள். அன்று அவர் தானாக வெளியே வந்துவிட்டார்.

நீ கேட்ட சண்டை அதுதான். "உன் கோவம் எனக்குத் தெரியும்மா. எனக்கும் அதே கோவம்தான். அதுக்காகத்தான் ஊரை விட்டே போனேன்" என்றேன். "ஆனா நான் நர்ஸ். கட்டில்ல ஆள் இருக்கும்போது வார்டை விட்டு வர மாட்டேன். நீ போடறதுன்னா எங்க ரெண்டு பேர் மேலயும் போடு." இதைத் தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதே. பல் கிட்டிப்போய், வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன்.

வெளிச்சம் என் காலடியிலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேலே முனகல் நின்றது. "உன் வேலை முடிஞ்சுதும்மா. இனிமே நான் பார்த்துக்கறேன். வீட்டுக்குப் போ" என்றேன். ஷிப்ட் மாறும்போது அடுத்தவளிடம் சொல்கிற மாதிரி. டார்ச் அணைந்தது.

கும்மிருட்டு. நாற்காலி முதுகுகளைத் தடவித் தடவி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா செத்த நாளுக்குப் பிறகு நான் அவரைத் தொட்டது அன்றுதான். கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். நகர மாட்டேன் என்றார்.

"அவ என்னைக் கூப்பிட்டாளா?"

நான் பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், உனக்கு ஞாபகமிருக்கும்.

"கூப்பிட்டாங்க. நான் கேட்டேன்" என்றேன்.

அவர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். அந்த நேரம் முழுக்க அம்மா எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கோட்டு நாற்காலியில் உரசுகிற சத்தம் கேட்டது. நான் சொன்ன பொய்யை அவள் கேட்டாள். மறுக்கவில்லை.

நீயும் மறுக்காதே.

அக்கா